திரைப்படச் சேர்க்கையில் வளையி மறைப்பு

ஓரிடத்தில் ஒருபொழுது பிடிக்கப்பட்ட படத்தையும் வேறோரிடத்தில் வேறொருபொழுது பிடிக்கப்பட்ட படத்தையும் ஒன்றாக்கி, அவை இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்று காண்போர் கொள்ளுமாறு செய்யும் தொழிலைத் திரைப்படத் துறையினர் கொம்போசிற்றிங் என்பர். தமிழில் அதனைப் படச்சேர்க்கை எனலாம். மலைச்சரிவில் நிற்பதாகத் தோன்றும் நடிகன் உண்மையில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் நின்றவனாக இருக்கலாம். அவன் பின்னே எரியும் நகரம் கணினியில் ஆக்கப்பட்டதாக இருக்கலாம். இவ்விரண்டையும் பொருத்துங்கால் நிறமும் ஒளியும் ஒத்துவர வேண்டுமென்பது உண்மையே. ஆயினும் காண்போனின் கண் முதன்முதலிற் குறை காண்பது விளிம்பிலேதான். நடிகனின் தோள் முடிந்து வானம் தொடங்குகின்ற, ஓரிரு பிக்சல் அகலமே உள்ள அவ்வெல்லையிற் பிழை நேரின் ஏனைய வேலையெல்லாம் வீணாகும். அவ்வெல்லையை வகுப்பது மறைப்பு. மாஸ்க் என்று தொழிலாளர் வழங்குவது இதனையே. மறைப்பை வரைவதற்குப் பெரிதும் பயன்படுவது ஸ்பிளைன் என்னும் மென்வளையி. அவ்வளையியின் இயல்பு யாது, கணுமுறைப் படச்சேர்க்கையில் அது எவ்வாறு இடம்பெறுகின்றது, அதனை நன்கு கையாள்வதற்கு எத்தகைய அறிவு வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மறைப்பு என்னும் கருத்து கணினிக்கு மிக முந்தியது. 1903 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பெரும் புகைவண்டிக் கொள்ளை’ என்னும் அமெரிக்கப் படத்தில் எட்வின் போட்டர் என்பார் புகைவண்டி நிலையத்தின் அறையொன்றைக் காட்டி, அவ்வறையின் யன்னலூடாக வண்டி வருவதையும் காட்டினார். யன்னலிருக்கும் பகுதியில் ஒளி படாது மறைத்து அறையைப் பதிவுசெய்தல், பின்னர் அதே படச்சுருளில் மறைத்திருந்த பகுதியில் மட்டும் வண்டியைப் பதிவுசெய்தல் என்பதே இத்தகைய முறையின் தத்துவம். யன்னல் அசையாது, ஆதலின் மறைப்பும் அசைய வேண்டியதில்லை. அசையும் மனிதனைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின் மறைப்பும் அவனோடு அசைதல் வேண்டும். செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் செக்கனுக்கு 24 மறைப்புக்கள் வேண்டும் என்பது இதன் பொருள். தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது.

நியூ யோர்க்கில் வாழ்ந்த கேலிச்சித்திரக் கலைஞர் மக்ஸ் பிளெய்ஷர் 1915 இல் உரிமம் கோரி 1917 இற் பெற்ற றொட்டோஸ்கோப் என்னும் பொறி, ஏற்கெனவே பிடித்த படத்தைச் சட்டகம் சட்டகமாகக் கண்ணாடிப் பலகையொன்றில் விழச்செய்து, அதன்மேல் ஓவியன் உருவத்தின் புறவரையைக் கையால் வரைய உதவியது. அவர் நாடியது படச்சேர்க்கையன்று. தம் தம்பி டேவுக்குக் கோமாளி வேடமிட்டுப் படம்பிடித்து, அவ்வசைவைக் கார்ட்டூன் பாத்திரமொன்றுக்கு ஊட்டுவதே அவர் நோக்கம். ஆயினும் அசையும் புறவரையைக் கையால் வரையும் அம்முறை மறைப்பு ஆக்குவதற்கும் ஏற்றதாயிற்று. 1963 இல் வெளிவந்த ஹிச்கொக்கின் ‘பறவைகள்’ படத்தில், ஊரை உயரத்திலிருந்து நோக்கும் காட்சியில் இறங்கிவரும் கடற்பறவைகளை ஓவியர் ஒவ்வொரு சட்டகத்திலும் கையால் வரைந்தே பிரித்தெடுத்தனர். இத்தொழிலைச் செய்வோர் அதனை இன்றும் ‘றொட்டோ’ என்றே சுருக்கி வழங்குகின்றனர்.

நடிகனுக்குப் பின்னே பச்சைத் திரையைக் கட்டிப் பிடித்தால் பச்சையை நீக்கிவிடலாமே, கையால் ஏன் வரைய வேண்டும் என்று வினவலாம். திரை கட்டக்கூடிய இடத்தில் அது செவ்விதே. சிறப்பாக மயிர், புகை, மெல்லிய துணி ஆகியவற்றை நிறமுறையே நன்கு பிரிக்கும். ஆயின் தெருவிற் பிடித்த காட்சிக்குத் திரை கட்டுதல் எளிதன்று. திரை சுருக்கமுற்றிருக்கும், அதன்மீது நிழல் விழும், நடிகனின் கழுத்திலும் கன்னத்திலும் பச்சை தெறித்திருக்கும், விளக்குக் கம்பங்களும் கயிறுகளும் சட்டகத்துட் புகுந்திருக்கும். எனவே பச்சைத் திரையில் எடுத்த காட்சிக்கும் வேண்டாதவற்றை விலக்க ஒரு புற மறைப்பும், உடலின் உட்பகுதி ஓட்டையாகாது காக்க ஓர் அக மறைப்பும் கையால் வரையப்படுகின்றன. நிறமுறை வேலை செய்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியிலேயே.

இனி வளையியை நோக்குவாம். ஸ்பிளைன் என்ற சொல் முதலிற் கணிதச் சொல்லன்று. கப்பல் கட்டுவோரும் பின்னர் விமானம் வரைவோரும் பயன்படுத்திய மெல்லிய, நெகிழும் மரக்கீலத்தின் பெயர் அது. நீண்ட மேசையில் அக்கீலத்தை வைத்து, வேண்டிய இடங்களில் ஈயப் பாரங்களால் அதனை நிறுத்தி, அது தானாக எடுக்கும் வளைவைப் பென்சிலால் வரைந்துகொள்வர். அப்பாரங்களின் உருவை நோக்கி அவற்றைத் தாராக்கள் என்று வழங்கினர் என்பது ஒரு சுவையான செய்தி. பாரங்கள் விதித்த நிபந்தனைக்கு உட்பட்டு, வளைவதற்கு வேண்டிய சக்தி மிகக் குறைவாக இருக்கும் வடிவத்தையே கீலம் ஏற்கும். அடுத்தடுத்த இரு பாரங்களுக்கிடையே வளைதிருப்பம் நேர்கோட்டு முறையில் மாறுவதால், சிறு வளைவுகளைப் பொறுத்தவரை அவ்வடிவம் முப்படிப் பல்லுறுப்பியொன்றின் வளையியாகின்றது. பௌதிகவியல் பயிலும் மாணவர் இதனைத் தாமே நிறுவிக் காணலாம். 1946 இல் ஷோன்பேர்க் என்னும் கணித அறிஞர் துண்டு துண்டாகப் பல்லுறுப்பிகளைப் பொருத்தி ஆக்கிய வளையிகளுக்கு இம்மரக்கீலத்தின் பெயரையே இட்டார்.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய கருத்து ஒன்றுண்டு. கீலத்தை வரைபவன் வளைவை வரைவதில்லை. பாரங்களை எங்கே வைப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றான். பாரங்கள் மிகின் கீலம் நெளியும். குறைந்த பாரங்களை உரிய இடங்களில் வைப்பதே திறமை. கணினித் திரையில் மறைப்பு வரைவோனுக்கும் இது முற்றும் பொருந்தும்.

இன்று மறைப்பு வரைதலில் இருவகை வளையிகள் பெருவழக்காயுள்ளன. ஒன்று பெசியே வளையி. பிரான்சிய மோட்டார்வண்டி நிறுவனமாகிய றெனோவிற் பணியாற்றிய பியர் பெசியே 1960 களில் வண்டியுடலின் வடிவங்களை எண்களாற் குறிப்பதற்கு இதனைக் கையாண்டார். சிற்றொயன் நிறுவனத்தில் போல் த காஸ்ரெல்ஜோ என்பார் 1959 அளவிலேயே இதனைக் கண்டிருந்தும், அந்நிறுவனம் அதனை மறைபொருளாக வைத்திருந்தமையால் வளையிக்கு மற்றவர் பெயரே நிலைத்தது. முப்படிப் பெசியே வளையிக்கு நான்கு புள்ளிகள் உண்டு. இரு முனைப் புள்ளிகளூடாக வளையி செல்லும். நடுவிலுள்ள இரண்டும் கைபிடிகள். கைபிடி நோக்கும் திசை தொடலியின் திசை. அதன் நீளம் வளையி அத்திசையை எவ்வளவு தூரம் பற்றிச் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும். இதன் சிக்கனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். ஒரு வட்டத்தை நான்கு புள்ளிகளால் வரைந்து, ஒவ்வொரு கைபிடியையும் ஆரையின் 0.5523 மடங்கு நீளமாக வைத்தால், உண்மை வட்டத்திலிருந்து ஏற்படும் வழு ஆரையில் 0.03 வீதத்துக்கும் குறைவு. அதாவது 300 பிக்சல் ஆரையுள்ள ஒரு பந்துக்கு நான்கே புள்ளிகள் போதும். வழு பிக்சலொன்றின் பத்திலொரு பங்கைத்தானும் எட்டாது. அதே பந்தைச் சுற்றி நாற்பது புள்ளிகளைக் கையாற் குத்துபவன் அத்துணைச் செம்மையை ஒருபோதும் எய்தான்.

மற்றையது பி-ஸ்பிளைன். இதில் வளையி கட்டுப்பாட்டுப் புள்ளிகளூடாகச் செல்வதில்லை; அவற்றால் ஈர்க்கப்பட்டு அருகே செல்லும். சீரான முப்படி பி-ஸ்பிளைனில், ஒரு புள்ளிக்கு மிகக் கிட்டிய இடத்தில் வளையியின் தானம் அப்புள்ளியின் ஆறில் நான்கு பங்கும், முன்புள்ளியின் ஆறிலொரு பங்கும், பின்புள்ளியின் ஆறிலொரு பங்கும் சேர்ந்ததாகும். நம் வீட்டு முற்றத்திற் சிக்குக் கோலமிடுவோர் புள்ளிகளைத் தொடாமல் இழையை வளைத்துச் செல்வதைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. கைபிடிகள் இல்லாமையால் பி-ஸ்பிளைனிற் கவனிக்க வேண்டியவை குறைவு. துண்டுகள் சந்திக்கும் இடத்தில் தொடலி மட்டுமன்றி வளைவும் தொடர்ச்சியாக மாறும். ஒரு புள்ளியை நகர்த்தினால் அதன் அயலிலுள்ள நான்கு துண்டுகள் மட்டுமே மாறும். மனித உடல், விலங்கு, துணி முதலிய இயற்கை வடிவங்களுக்கு இதனையே நான் மேலானதாகக் கொள்வேன். கதவு, மேசை, கட்டடம் முதலிய கூர்மூலையுள்ள பொருள்களுக்குப் பெசியே வளையியே பொருந்தும்.

வளையி வெறும் கோடு. அதனை மறைப்பாக்குவது அல்பா எனப்படும் நான்காம் எண். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றோடு, அப்பிக்சலில் எத்துணைப் பங்கு பொருளால் நிறைந்துள்ளது என்பதைப் பூச்சியம் முதல் ஒன்று வரை குறிக்கும் எண் அது. 1970 களின் பிற்பகுதியில் நியூ யோர்க் தொழினுட்பக் கழகத்தில் எட் கற்மல், அல்வி ரே ஸ்மித் ஆகியோர் இக்கருத்தை வகுத்தனர். 1984 இல் லூக்கஸ் திரைப்பட நிறுவனத்தைச் சார்ந்த தொமஸ் போட்டர், ரொம் டஃப் ஆகிய இருவரும் இதற்கு ஒரு முழுமையான இயற்கணிதத்தை வெளியிட்டனர். முன்படத்தை அதன் அல்பாவாற் பெருக்குக, பின்படத்தை, ஒன்றிலிருந்து அவ்வல்பாவைக் கழித்து வருவதாற் பெருக்குக, இரண்டையும் கூட்டுக. விளிம்பிலுள்ள ஒரு பிக்சலில் முன்படத்தின் ஒளிர்வு 0.8, பின்படத்தினது 0.4, அல்பா 0.25 எனக் கொள்வோம். 0.8 ஐ 0.25 ஆற் பெருக்க 0.2, 0.4 ஐ 0.75 ஆற் பெருக்க 0.3, கூட்டினால் 0.5. இதில் ஒரு பொறியுண்டு. முன்படம் ஏற்கெனவே அல்பாவாற் பெருக்கப்பட்டிருப்பதை அறியாது மறுமுறையும் பெருக்கினால் 0.2 என்பது 0.05 ஆகிவிடும்; கூட்டுத்தொகை 0.35. பின்படத்தைக் காட்டிலும் கருமையான ஒரு கோடு உருவத்தைச் சுற்றி மைதீட்டியதுபோல் ஓடும். பயில்வோர் பலர் இக்கருங்கோட்டைக் கண்டு வளையியைப் பழித்து, அதனை உள்ளே தள்ளித் தள்ளி வரைவர். குற்றம் வளையியிலன்று, பெருக்கலிலேயே.

இத்தகைய மயக்கத்தைக் கண்டுபிடிக்கக் கணுமுறை பெரிதும் உதவும். கணுமுறைப் படச்சேர்க்கையில் ஒவ்வொரு செயலும் ஒரு கணு. படம் ஒரு கணுவிலிருந்து கோட்டின் வழியே அடுத்த கணுவுக்கு ஓடுகின்றது. மேட்டுக் கிணற்றுநீர் வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி பாய்வதோடு இதனை ஒப்பிடலாம். எந்த மடையிலும் நின்று நீர் எவ்வாறுள்ளது எனப் பார்க்க முடியும். கலிபோர்னியாவில் டிஜிற்றல் டொமெயின் என்னும் நிறுவனத்துள் 1993 அளவில் ஆக்கப்பட்டு, 2007 முதல் இலண்டனிலுள்ள ஃபௌண்டரி நிறுவனத்தால் வளர்க்கப்படும் நியூக் இவ்வகையிற் பெயர்பெற்றது. எவரும் விலையின்றிப் பெறக்கூடிய பிளெண்டர் என்னும் மென்பொருளில் 2006 இற் கணுமுறை சேர்ந்தது. ஆம்ஸ்ரர்டாமில் ‘உருக்குக் கண்ணீர்’ என்னும் குறும்படத்தை ஆக்கியபோது அதன் தேவைக்காக 2012 இல் மறைப்பு வரையும் பகுதியும் சேர்க்கப்பட்டது. அக்குறும்படத்தின் மூலக் காட்சிகளையும் பொதுமக்களுக்கு வழங்கியுள்ளமையால், பயில விரும்பும் மாணவர்க்கு அவற்றினும் நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது.

மூலப்படம் ஒரு கணு. வளையி மறைப்பு ஒரு கணு. மறைப்பை அல்பாவாக ஏற்றிப் பெருக்குவது ஒரு கணு. பின்படத்தின்மேல் இடுவது இன்னொரு கணு. வளையியின் ஒரு புள்ளியைத் திருத்தினால் அதன் பயன் கீழுள்ள யாவற்றுக்கும் தானே சென்றடையும். எதனையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. அதே மறைப்பிலிருந்து மற்றொரு கோட்டை இழுத்து, நடிகனின் முகத்தை மட்டும் சற்று வெளிதாக்கும் நிறக்கணுவுக்கும் ஊட்டலாம். மறைப்பு, படத்தோடு ஒட்டிப்போன வண்ணமாகாமல், என்றும் திருத்தக்கூடிய வடிவமாகவே நிற்பதுதான் இம்முறையின் பேறு.

தொழிலின் நுட்பம் அடங்கியிருப்பது வரையும் முறையில். தெருவில் நடந்து செல்லும் ஒருவனைப் பிரிக்க வேண்டும் எனக் கொள்க. புதியவன் அவனைச் சுற்றி ஒரே வளையியை இடுவான். முதற் சட்டகத்தில் அது அழகாகப் பொருந்தும். பத்தாம் சட்டகத்திற் கை உடலைக் கடக்கும்போது, கைக்குரிய புள்ளிகள் மார்பிலும் மார்புக்குரியவை முதுகிலும் சென்று சிக்குண்டுவிடும். அனுபவமுள்ளவன் தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, மேற்கைக்கு ஒன்று, முன்கைக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என வெவ்வேறு வளையிகளை, ஒன்றன்மேலொன்று சற்றே படியுமாறு வரைவான். எலும்பு எவ்வாறு உடலைப் பகுத்துள்ளதோ அவ்வாறே மறைப்பும் பகுக்கப்பட வேண்டும். இவ்வகையிற் பகுத்த முன்கை பெரும்பாலும் வடிவம் மாறாது. இடம் மாறும், சுழலும், அவ்வளவே. ஆதலால் அதன் புள்ளிகளைத் தனித்தனியே நகர்த்தாது வளையி முழுவதையும் ஒருங்கே நகர்த்திச் சுழற்றினாற் போதும்.

புள்ளிகளை வளைவு மாறும் இடங்களிலேயே வைக்க வேண்டும்: நாடியின் முனை, தோளின் உச்சி, முழங்கையின் மடிப்பு. நேராகச் செல்லும் ஓரத்தின் நடுவிற் புள்ளிக்கு வேலையில்லை. முழங்கையிற் குத்திய புள்ளி காட்சி முடியும்வரை முழங்கையிலேயே இருத்தலும் வேண்டும். ஏனெனில் கணினி இரு கீபிரேம்களுக்கிடையே ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் வழியே கொண்டு செல்கின்றது. முழங்கைப் புள்ளி வழுக்கி முன்கைக்குப் போகுமாயின் இடைச் சட்டகங்களில் விளிம்பு ஊர்ந்து செல்லும்.

கீபிரேம்களை எங்கே இடுவது? எல்லாச் சட்டகத்திலும் இடுபவன் மிக உழைத்து மிகக் கெடுப்பவன். கை முன்னே வீசி நின்று திரும்பும் சட்டகம், கால் நிலத்தில் ஊன்றும் சட்டகம் என அசைவின் எல்லைகளில் முதலில் இடுக. அவற்றின் நடுச் சட்டகத்துக்குச் சென்று பொருந்தாவிடின் அங்கே ஒன்று இடுக. பின்னர் அவ்வரைகளின் நடுவே நோக்குக. ஐந்து செக்கன் காட்சியில் 120 சட்டகங்கள். நாற்பது புள்ளிகளை ஒவ்வொரு சட்டகத்திலும் நகர்த்தினால் 4,800 முறை கை முடிவுசெய்கின்றது. ஒவ்வொரு முடிவிலும் அரைப் பிக்சல் பிசகினாலும் விளிம்பு ஓடும்போது நடுங்கும். பன்னிரண்டு புள்ளிகள், எட்டுச் சட்டகத்துக்கு ஒரு கீபிரேம் எனின் முடிவுகள் 192 மட்டுமே. எஞ்சியவற்றை மென்மையான இடைச்செருகல் தருகின்றது. மென்வளையியின் மேன்மை வெளியிற் கோடு வளைந்து அழகாயிருப்பதிலும் பார்க்கக் காலத்தில் அது நடுங்காதிருப்பதிலேயே உள்ளது.

விளிம்பின் மென்மை வேறொரு விடயம். ஒளிவில்லை குவியாத இடத்தில் விளிம்பு மங்கியிருக்கும். அங்கே அல்பா ஒன்றிலிருந்து பூச்சியத்துக்குப் படிப்படியாக இறங்க வேண்டும். இதனைப் பெதர் என்பர். முழு மறைப்பையும் ஒரே அளவாக மங்கச் செய்வது எளிது, பெரும்பாலும் தவறு. நடிகனின் முகம் கூர்மையாகவும் பின்தோள் மங்கலாகவும் இருக்கலாம். நியூக், பிளெண்டர் ஆகிய இரண்டிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் வேறுவேறு அளவான மென்மையை இட முடியும். அசைவினால் வரும் மங்கலைப் பெதரால் ஆக்க முயலுதல் கூடாது. படக்கருவியின் மூடி ஒவ்வொரு சட்டகத்திலும் அரைப்பங்கு நேரம் திறந்திருக்குமாயின், செக்கனில் நாற்பத்தெட்டிலொரு பங்கு ஒளி விழும். சட்டகத்துக்கு 40 பிக்சல் விரையும் கை 20 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். வளையி இரு சட்டகங்களுக்கு இடைப்பட்ட கணங்களிலும் வரையறுக்கப்பட்டிருப்பதால், அவ்விடைக்கணங்களின் வடிவங்களைக் கணித்துச் சராசரியெடுத்து இம்மங்கலைக் கணினியே ஆக்கும். வரைபவன் செய்ய வேண்டியது மங்கலின் நடுவே வளையியைக் கொண்டு செல்வது மட்டுமே. தூரிகையால் வண்ணந்தீட்டிய மறைப்புக்கு இவ்வசதி இல்லை.

நடை, தலையசைவு முதலியவற்றைப் பின்தொடரல் முறையால் முன்னரே அளந்து, அவ்வளவை வளையிக்கு ஊட்டுவதும் உண்டு. படத்தில் உள்ள ஒரு புள்ளியையோ தட்டையான பரப்பையோ கணினி சட்டகந்தோறும் தேடிக் கண்டுகொள்ளும். வளையி அதனோடு ஒட்டிச் செல்லும். வரைபவன் எஞ்சிய சிறு பிசகை மட்டும் திருத்துவான். வேலை முடிந்தபின் சோதிப்பதற்கு, பின்படத்தை அகற்றிவிட்டுக் கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தை இட்டு, படத்தை உரிய வேகத்தில் ஓடவிட வேண்டும். நின்ற சட்டகத்திற் புலப்படாத நடுக்கம் ஓட்டத்திற் புலப்படும்.

இவ்வேலை பொறுமையை வேண்டுவது, ஊதியத்திற் குறைந்தது, நன்றாகச் செய்யப்பட்டால் எவர் கண்ணிலும் படாதது. சென்ற இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹொலிவூட் படங்களின் றொட்டோ வேலையிற் பெரும்பங்கு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு வந்துள்ளது. மும்பாய், ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களில் இளைஞர் பலர் இதனாலேயே திரைத்தொழிலுட் புகுந்தனர். 2010 அளவில் தட்டைப் படங்களை முப்பரிமாணமாக்கும் ஆர்வம் எழுந்தபோது, சட்டகத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே புறவரை வேண்டியதாகித் தேவை மேலும் பெருகியது. தொழிலில் இதனைக் கீழ்ப்படியாகக் கருதும் வழக்கம் உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. ஓர் உடல் எங்கே திரும்புகின்றது, எது எதனை மறைக்கின்றது என்பதைச் சட்டகந்தோறும் நோக்கியறிந்தவனைப்போற் படத்தை நுணுகிக் கண்டவர் அப்படத்தின் இயக்குநரிலும் பலர் இரார்.

2023 இல் மெற்றா நிறுவனம் எதனையும் பகுத்தறியும் கற்றல்பொறியொன்றை வெளியிட்டது. 2024 இல் அது அசையும் படத்துக்கும் விரிந்தது. ஒரு முறை சுட்டிக்காட்டினால் மனிதனை அது பல சட்டகங்களிலும் பிரித்துத் தருகின்றது. இது றொட்டோ தொழிலாளர் பலரின் பிழைப்பைத் தொடும் செய்தி என்பதை மறைத்துப் பயனில்லை. விரைவான முதல் வரைவுக்கும், நிறத்திருத்தம் போன்ற பருமட்டான தேவைக்கும் பொறியின் மறைப்பே போதும். ஆயின் அது தருவது பிக்சல்களின் திரள், புள்ளியுமில்லை, கைபிடியுமில்லை. முப்பதாம் சட்டகத்தில் விரல்களுக்கிடையே பிழைத்திருந்தால் அவ்விடத்தைப் பிடித்து நகர்த்துவதற்கு எதுவும் இல்லை. அடுத்த சட்டகத்தில் அப்பிழை வேறொரு வடிவில் வரும். 2021 இல் நியூக்கிற் சேர்க்கப்பட்ட கொப்பிகற் என்னும் கணு வேறொரு வழியைக் காட்டுகின்றது. ஒரு காட்சியிற் சில சட்டகங்களுக்கு மட்டும் மனிதன் செவ்வையான மறைப்பை வரைந்து கொடுக்க, பொறி அவற்றிலிருந்து கற்று ஏனையவற்றைத் தானே ஆக்கும். கொடுக்கும் மறைப்பு ஐயத்துக்கிடமானதாயின் பொறி அவ்வையத்தையே கற்றுக்கொள்ளும். ஆகவே எந்தச் சட்டகங்களைத் தெரிவது, அவற்றில் எல்லையை எங்கே இடுவது என்னும் இரண்டும் பழையபடி வளையி வரைபவனிடமே வந்து சேர்கின்றன. அவன் முன்னர் 120 சட்டகங்களுக்குச் செய்ததை இப்போது ஏழெட்டுக்குச் செய்கின்றான்.